பருவும் பழியும்

கடைசி வரிசையில் அமர்ந்து, கன்னத்தைக் கையால் மறைத்தபடியே பாடம் கேட்ட ஒரு மாணவனை என்னால் மறக்க இயலவில்லை. அவனுக்கு 16 வயது இருக்கும். முகம் நிறையப் பருக்கள். ஒருநாள் அரபு இலக்கணப் பாடத்தின் நடுவே, அனைவர் முன்னிலையிலும், நல்லெண்ணத்தோடுதான் அவனுக்கு அறிவுரை கூறினேன். "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள், முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவு, மனத்தையும் தூய்மையாக வைத்துக்கொள்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அதன்பின் அவன் நாளொன்றுக்குப் பத்து முறை சவுக்காரம் போட்டு முகத்தைத் தேய்த்தான் என்றும், தோல் உரிந்து எரிச்சல் தாங்காமல் பள்ளிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான் என்றும் அவனுடைய தாயார் வந்து சொல்லக் கேட்டேன்.

நான் கூறிய அந்த மூன்று அறிவுரைகளுக்கும் என்னிடம் இருந்த ஆதாரம் என்ன? யாரோ கூற நான் கேட்டது. அவருக்கு வேறு யாரோ கூறியது. அறிவிப்பவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்றல் ஆகாது என்று ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிப்பவன் நான். ஆயினும் ஒரு சிறுவனின் முகத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஆராய்ச்சி எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்வே, முகப்பருவின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது. படித்தபின் தெரிந்துகொண்டது இதுதான்: அந்த வரலாற்றில் பாதி, நோயுற்றவர்மீது சுமத்தப்பட்ட பழியின் வரலாறாகவே இருக்கின்றது.

ஒரு பெயரின் கதை

ஐரோப்பிய மருத்துவர்கள் முகப்பருவை 'ஆக்னே' என்பர். கிரேக்கத்தில் 'ஆக்மே' என்னும் சொல்லுக்கு உச்சி, முனை, பருவத்தின் நிறைவு என்றெல்லாம் பொருள் உண்டு. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பைஸாந்தியப் பேரரசில் வாழ்ந்த ஏட்டியஸ் என்னும் மருத்துவரின் நூலைப் படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறி, 'ஆக்மே' என்பது 'ஆக்னே' ஆயிற்று என்றும், அந்தப் பிழையே நிலைத்துவிட்டது என்றும் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். அரபு நூல்களோடு பழகியவர்க்கு இது வியப்பன்று. ஒரு புள்ளி மேலிருந்து கீழே இறங்கினால் சொல்லே மாறிப்போகும் மொழி அது. படியெடுப்போர் செய்யும் இத்தகைய பிழைக்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயரிட்டு, அதனைக் கண்டறிவதற்கென்றே நம் முன்னோர் நூல்கள் இயற்றினர்.

இன்றைய அரபியில் முகப்பருவுக்கு 'ஹப்புஷ் ஷபாப்' என்று பெயர். 'இளமையின் மணிகள்' என்பது பொருள். தானியமணியைக் குறிக்கும் 'ஹப்பு' என்பதும், அன்பைக் குறிக்கும் 'ஹுப்பு' என்பதும் உயிர்க்குறி இடாமல் எழுதினால் ஒன்றுபோலவே தோன்றும். இளையோரின் முகத்தை நோக்கும்போது இரண்டாவது பொருளையும் நாம் நினைவிற் கொள்வது நல்லது. நம் தமிழிலும் 'பருவம்' என்னும் சொல்லுக்குள் 'பரு' ஒலிக்கக் காண்கிறோம்.

எள்ளியவரும் எழுதியவரும்

பெயரில் நேர்ந்த பிழை எவரையும் வருத்தவில்லை. கருத்தில் நேர்ந்த பிழைகளே மனிதரை வருத்தின.

கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவக் களஞ்சியம் எழுதிய ரோமானியரான செல்ஸஸ், பருவுக்கும் மங்குக்கும் மருத்துவம் செய்வது ஏறத்தாழ மடமை என்னும் பொருள்படக் கூறுகிறார். ஆயினும் பெண்டிர் தம் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவதைத் தடுக்க இயலாது என்பதால், போனாற்போகிறது என்று சில மருந்துகளைக் குறித்துவைக்கிறார். கி.பி. 400ஐ ஒட்டி வாழ்ந்த மார்ஸெல்லஸ் என்பவரோ, விண்மீன் ஒன்று எரிந்து விழும் நொடியில் துணியால் பருவைத் துடைத்தால் அதுவும் உதிர்ந்துவிடும் என்று எழுதிவைத்தார். வெறுங்கையால் துடைத்தால் கைக்கு வந்துவிடும் என்ற எச்சரிக்கையும் உடன் உண்டு.

இவர்களுக்குப் பின் வந்த முஸ்லிம் மருத்துவ அறிஞர்களின் போக்கு வேறு. குர்துபாவைச் சேர்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (கி.பி. 936–1013), 30 பகுதிகள் கொண்ட தம் 'தஸ்ரீஃப்' நூலின் 19ஆம் பகுதியை அழகுபேணும் மருந்துகளுக்கென்றே ஒதுக்கினார். இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' நூலில் முடிக்கும் தோலுக்கும் தோற்றத்துக்கும் தனிப்பிரிவு அமைத்தார். மூக்கிலும் கன்னத்திலும் பால்துளி உறைந்தாற்போல் எழும் வெண்பருக்களை அவர் அதில் விவரிக்கிறார். 'புஸூர் லபனிய்யா' என்பது அவற்றுக்கு வழங்கிய பெயர். சீழ்த்தன்மை கொண்ட பொருள், உடலின் ஆவியால் தோலின் மேற்புறத்துக்குத் தள்ளப்படுவதே காரணம் என்பது அவர் கருத்து. கருஞ்சீரகத்தைக் காடியில் குழைத்துப் பூசுவது, அவர் வழிவந்த யூனானி மருத்துவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று.

அந்தக் காரணம் சரியன்று என்பதை இன்று அறிவோம். கலென் முதலியோர் வகுத்த நால்வகை நீர்க் கொள்கையின்மீது கட்டப்பட்ட விளக்கம் அது. 'இரத்தம் கெட்டுவிட்டது, அதுதான் முகத்தில் பருவாக வருகிறது' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் பேச்சு, அந்தப் பழங்கொள்கையின் எதிரொலியே. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இப்னு ஸீனா பருவுற்றவரை எள்ளவில்லை, பழிக்கவுமில்லை. நோயை நோயாகவே கண்டார்.

அவர்கள் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அந்த மருந்துப் பட்டியலன்று. சோதித்தறியும் முறையே ஆகும். இப்னு ஸீனாவுக்கு முன்னரே அபூபக்ர் அர்ராஸீ (கி.பி. 865–925), 'ஸிர்ஸாம்' எனப்படும் மூளைக் காய்ச்சலின் அறிகுறி தோன்றியவர்களுள் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் குத்தி எடுத்து, மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் 'மருந்து கொடுத்தேன், குணமாயிற்று' என்பது மட்டும் சான்றாகாது, கொடுக்காதவர் நிலை என்ன என்றும் பார்த்தல் வேண்டும் என்ற அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது. இப்னு ஸீனாவும் மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளை வகுத்தார். பயன் எப்போதும் தவறாது விளைகிறதா அல்லது தற்செயலா என்று பார்க்க வேண்டும், மனித உடலில் சோதித்த பின்னரே மனிதருக்கு உரியதெனத் துணிய வேண்டும் என்பன அவற்றுட் சில.

பழி சுமத்திய காலம்

இங்கிலாந்தில் தாமஸ் பேட்மன் 1813இல் வெளியிட்ட நூலில் முகப்பருவை வகைப்படுத்திய பின்னர், தோல் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. ஆனால் அதே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவ நூல்கள் பலவற்றில், பருவுக்கும் இளைஞரின் ஒழுக்கத்துக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் வேரூன்றியது. இரகசியத் தீய பழக்கங்களின் முத்திரையே முகத்தில் தெரிகிறது என்றனர். திருமணம் ஆனால் தீரும் என்றும் கூறினர். இந்தப் பேச்சு நம் ஊர்களுக்கும் அயலானதன்று. பருவந்த பையனைச் சந்தேகக் கண்ணோடு நோக்குவதும், பெண்பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் கன்னத்தை எண்ணிப் பார்ப்பதும் நாம் காணாதவையா?

கருமுனைப் பருக்களை அழுக்கு என்றதும் இதே வகைப் பழிதான். அந்தக் கறுப்பு அழுக்கன்று. தோலின் மெலனின் நிறமியும், துளை திறந்திருப்பதால் காற்றுப்பட்டு நிறம் மாறிய கொழுப்புமே அது. எத்தனை முறை தேய்த்தாலும் கழுவினால் போகாது. தேய்ப்பதால் தோலின் காப்புறை கிழிந்து வீக்கமே மிகும்.

உண்மைக் காரணம் என்ன? ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் எண்ணெய்ச் சுரப்பி உள்ளது. பருவ வயதில் ஆண்மை ஹார்மோன்கள் ஆண் பெண் இருபாலரிடத்தும் மிகுந்து, அந்தச் சுரப்பியைத் தூண்டுகின்றன. எண்ணெய் பெருகுகிறது. மயிர்க்காலின் உட்புறத் தோல் அணுக்கள் உதிர்ந்து வெளியேறாமல் அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட இடத்தில், நம் எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் ஒரு நுண்ணுயிர் பெருகுகிறது. அதனை 1896இல் ஜெர்மானிய மருத்துவர் உன்னா நுண்ணோக்கியில் கண்டார். இவற்றோடு உடலின் தற்காப்பு ஆற்றலும் சேர, வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. ஹார்மோனின் பங்கினை 1941இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹாமில்டன் நிறுவினார். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண்மை ஹார்மோன் செலுத்தினால் வருகிறது என்பதையும் அவர் காட்டினார்.

யாருக்கு மிகுதியாக வரும், யாருக்குக் குறைவாக வரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே முடிவு செய்கிறது. பிரிட்டனில் இரட்டைப் பெண்களிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் 81 விழுக்காடு மரபுக் கூறுகளால் விளைவது என்று கணித்தது. தந்தையின் கன்னத்தில் இருந்தது மகனின் கன்னத்தில் வந்தமைக்கு மகனின் மனத்தூய்மையைக் குறை கூறுவது என்ன நீதி?

உணவும் ஓர் ஆய்வும்

உணவைப் பற்றிய கதை சற்றுச் சிக்கலானது. தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களும் சாக்லேட்டையும் எண்ணெய்ப் பண்டங்களையும் விலக்கச் சொல்லி வந்தனர். 1969இல் அமெரிக்காவில் ஃபுல்ட்டன், ப்ளூவிக், க்ளிக்மன் ஆகிய மூவர் அதனைச் சோதித்தனர். பருவுள்ள 65 பேருக்கு, வழக்கத்தினும் பத்து மடங்கு சாக்லேட் அடங்கிய கட்டியை நான்கு வாரமும், அதே தோற்றத்தில் சாக்லேட் இல்லாத கட்டியை நான்கு வாரமும் கொடுத்தனர். வேறுபாடு காணவில்லை. உடனே மருத்துவ உலகம் மறுமுனைக்குப் பாய்ந்தது. உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று நெடுங்காலம் மாணவர்களுக்குக் கற்பித்தது.

ஆனால் அந்தப் போலிக் கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்திருந்தன. சாக்லேட்டைச் சர்க்கரையோடு ஒப்பிட்டு, உணவனைத்தும் குற்றமற்றது என்று தீர்ப்பளித்துவிட்டனர். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் 1200 பேரையும், தென்னமெரிக்காவின் பராகுவே காட்டில் வாழும் ஆச்சே குடியினர் 115 பேரையும் பார்த்தது. ஒருவர் முகத்திலும் முகப்பரு இல்லை. அவர்கள் கிழங்கும் பழமும் மீனும் வேட்டை உணவும் உண்பவர்கள். ஆலைச் சர்க்கரையும் மாவும் மிகக் குறைவு. 2007இல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆடவரிடையே நடந்த சோதனையில், இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தாத உணவை 12 வாரம் உண்டவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன.

ஆகவே நடுநிலையான தீர்ப்பு இதுதான்: எண்ணெய்ப் பலகாரத்தின் எண்ணெய் நேரே முகத்துக்கு வந்துவிடுவதில்லை. சர்க்கரையும் மைதாவும் மிகுந்த உணவு சிலருக்குப் பருவை மிகைப்படுத்தலாம். பாலைப் பற்றியும் ஐயம் உண்டு. உறுதியான சான்று இல்லை. உணவைச் சீர்செய்தல் நன்று. ஆனால் பருவந்த பிள்ளையைத் தின்பண்டத் திருடனைப்போல் நடத்துதல் நன்றன்று.

சிறைச்சாலையில் விளைந்த மருந்து

மேற்சொன்ன சாக்லேட் ஆய்வில் பங்குபெற்ற 65 பேரில் 35 பேர் சிறைக்கைதிகள். இச்செய்தியைக் கடந்துசெல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆய்வாளர் மூவருள் ஒருவரான ஆல்பர்ட் க்ளிக்மன், பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். ஃபிலடெல்ஃபியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளின் தோலில் அவர் எண்ணற்ற சோதனைகளை நடத்தினார். கைதிகளுக்குச் சில டாலர் கூலி கிடைத்தது. தம் உடலில் பூசப்படுவது இன்னதென்று அவர்களுட் பலருக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. டையாக்ஸின் என்னும் கொடிய நச்சும் அவற்றுள் ஒன்று. அது முகப்பருவைப் போன்ற புண்களையே உண்டாக்குவது. வைட்டமின் ஏ அமிலம் பருவின் அடைப்பைத் திறக்கும் என்ற பயனுள்ள கண்டுபிடிப்பும் அந்தச் சிறையில் நடந்த சோதனைகளின் வழியாகவே உருப்பெற்றது. 'ட்ரெட்டினாயின்' என்ற பெயரில் 1971இல் அமெரிக்காவில் அந்த மருந்து அனுமதி பெற்றது. இன்று உலகெங்கும் இளையோர் பூசும் களிம்புகள் பலவும் அதன் வழிவந்தவை.

2021இல் அந்தப் பல்கலைக்கழகமும், 2022இல் ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகமும் மன்னிப்புக் கோரின. அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. க்ளிக்மன் 2010இலேயே இறந்துவிட்டார். கைதிகளிலும் பலர் உயிரோடு இல்லை. சோதித்தறிதல் கடமை என்று மேலே கூறினேன். சோதிக்கப்படுபவனும் மனிதன் என்பதை மறந்தால், அந்தக் கடமையே அநீதியாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவசரமும் தீங்கு செய்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பருவுக்கு எக்ஸ்-கதிர் பாய்ச்சினர். பரு வற்றியது உண்மையே. ஆனால் பல ஆண்டுகளுக்குப்பின் அவர்களுட் சிலருக்குத் தைராய்டுச் சுரப்பியில் புற்றுநோய் தோன்றியது.

இன்று செய்யத்தக்கவை

இத்தனை வரலாற்றுக்குப் பிறகு, சோதனையில் தேறி நிற்கும் முறைகள் சிலவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

மென்மையான சவுக்காரம் அல்லது முகக்கழுவியால் நாளுக்கு இருமுறை, தேய்க்காமல் கழுவினால் போதும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். பருவைக் கிள்ளினால் வடு நிலைக்கும். தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே அது துளைகளை அடைத்துவிடும்.

எளிய பருவுக்கு 2.5 அல்லது 5 விழுக்காடு பென்ஸாயில் பெராக்ஸைடு களிம்பு பயன் தரும். அது துணியை வெளுக்கும் என்பதால் தலையணை உறையைக் கவனித்துக்கொள்க. இரவில் அடாபலீன் என்ற களிம்பைப் பட்டாணி அளவு எடுத்துப் பருவின்மேல் மட்டுமன்றி முகம் முழுவதும் மெல்லியதாகப் பூசுவர். முதற்சில வாரம் தோல் உலர்ந்து உரியலாம். இரு களிம்புகளையும் சேர்த்தும் மருத்துவர் தருவதுண்டு. எதுவாயினும் 8 முதல் 12 வாரம் வரை பொறுத்திருக்க வேண்டும். பத்து நாளில் பயன் காணவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே போவதுதான் பலர் செய்யும் தவறு. கருவுற்ற பெண்கள் அடாபலீனைத் தவிர்த்தல் வேண்டும். அவர்களுக்கு அஸெலாயிக் அமிலக் களிம்பு பொருந்தும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மட்டும் தனியே நெடுநாள் பயன்படுத்தினால், கிருமி அவற்றுக்குப் பழகிவிடும்.

வடு விழும் கடும் பருவுக்கு ஐஸோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை உண்டு. 1979இல் 14 பேரிடம் சோதித்து 13 பேருக்கு முற்றிலும் குணம் கண்டனர். 1982இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைவிப்பது அது. உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருவுறுதல் கூடாது. தோல் மருத்துவர் மேற்பார்வையின்றி அதனைத் தொடவே கூடாது. பெண்பிள்ளைக்குப் பருவோடு மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்ச்சியும் காணுமாயின், சினைப்பை நீர்க்கட்டி தொடர்பான கோளாறா என்று மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் 'வெளுக்கும் களிம்பு'களுட் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய சில நாளில் முகம் பளபளக்கும். பின்னர் தோல் மெலிந்து சிவந்து, முன்னினும் கொடிய பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். இக்கேடு நாடெங்கும் பெருகியதால்தான், தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் 14ஐ மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என இந்திய அரசு 2018இல் ஆணையிட்டது. மணநாள் நெருங்குகிறது என்ற பதைப்பில் மகளின் முகத்தில் இதனைப் பூசிவிடும் தாய்மார்கள் சற்றுப் பொறுத்துச் சிந்திக்க வேண்டும்.

நான் என் மாணவனுக்குக் கூறிய மூன்று அறிவுரைகளையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். எண்ணெய்ப் பலகாரம் பற்றியது ஆதாரம் குன்றியது. தேய்த்துக் கழுவு என்றது தீங்கானது. மனத்தைத் தூய்மையாக வை என்றது அவதூறு. முதலிரண்டும் அறியாமை, மூன்றாவதற்கு நான் பொறுப்பேற்றே ஆகவேண்டும். சில மாதங்களுக்குப்பின் அவன் வேறொரு பள்ளியில் சேர்ந்தான் என்று அறிந்து, வீடு தேடிச் சென்று, அவன் தாயார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அப்போது அவன் கன்னத்தில் கை இல்லை.

வீட்டில் வளரும் பிள்ளையின் முகத்தில் பரு தோன்றினால், வாசக அன்பர்களே, நம் நாவில் முதலில் எழுவது கேள்வியாக இருக்கட்டும், தீர்ப்பாக இருக்க வேண்டாம். "வலிக்கிறதா?" என்று கேளுங்கள். பழஞ்சொல் எதையும் அவனிடம் எடுத்துரைக்குமுன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம்.